முதலாளி யார்? சிவகாசிப் பட்டாசு ஆலைகளின் குத்தகை வரலாறு

விபத்து நடந்த பட்டாசு ஆலையில் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இங்கே முதலாளி யார்? இதற்கு விடை எளிதில் கிடைக்காது. அப்படிக் கிடைக்காமல் போவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

சிவகாசியின் கதையை எல்லோரும் கல்கத்தாவிலிருந்து தொடங்குவார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் ஊரில் தொடங்கினார்கள். 1940களில் பட்டாசு ஆலைகள் வந்தன. மழை பொய்த்த கரிசல் மண்ணுக்கு இத்தொழில் கஞ்சி ஊற்றியது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் மருந்து அறையில் உட்கார்ந்தவர்களின் பெயர் இல்லை. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சேரிகளிலிருந்து விடிகாலை வண்டியேறிய நம் மக்களின் பெயரும் இல்லை.

சட்டம் முதலாளியைத் தேடாமல் இல்லை. ஆலையின் இறுதிக் கட்டுப்பாடு யார் கையிலோ அவரே பொறுப்பு என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுக்கப்பட்ட எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 1996இல்.

இந்தப் பொறுப்பைக் கரைப்பதுதான் உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளைப் பிரித்துப் பலருக்கு விடுவார். குத்தகைக்காரர் போட்ட பணத்தைச் சீக்கிரம் எடுக்கப் பார்ப்பார். அறைக்கு அனுமதித்ததைவிட ஆளும் மருந்தும் கூடும். வேலை மரத்தடிக்கும் போகும். துண்டுக் கூலி என்பதால் கையும் வேகம் பிடிக்கும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறத்தாழ 40 உயிர்கள். உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட ஆலையிலும் வேலை நடந்திருந்தது. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20க்கும் மேற்பட்ட உயிர்கள். அங்கும் ஒரே உரிமத்தின்கீழ்ப் பல குத்தகைக்காரர்கள்.

வெடிக்காத நாளிலும் இதே கதைதான். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடை செய்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேலை தர முடியாத காலத்துக்குப் பாதிக் கூலி கேட்க 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் அதற்குப் பதிவேட்டில் பெயரும் ஓராண்டுத் தொடர் வேலையும் வேண்டும். பெயரே ஏறாதவர் எந்த முதலாளியிடம் போய்க் கேட்பார்?

1938இல் மன்மாடில் ரயில்வேயின் தலித் தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர், பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகளை அடையாளம் காட்டினார். இங்கே இரண்டாவது எதிரி தன் முகத்தைக் குத்தகைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருக்கிறது.

தோழர்களே, அடுத்த முறை ஆலைக்குப் போகும்போது மாலையோடு ஒரு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். உரிமம் யார் பெயரில்? அறை யார் குத்தகையில்? கூலி யார் கையிலிருந்து வந்தது? இறந்தவர் பெயர் பதிவேட்டில் உண்டா? இந்த நான்கையும் அன்றே, சாட்சியோடு எழுதுங்கள். போர்மேனைக் கைது செய்ததோடு வழக்கு முடியாமல் இருக்க அந்த நோட்டு வேண்டும்.