கொம்பு வச்ச பஸ்: மாஸ்கோ டிராலிபஸ்ஸின் கதை

சின்ன வயசுல எங்க வீட்டுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். படிச்சாங்களோ இல்லையோ, பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது. வழவழன்னு இருக்கும். என் கணக்கு நோட்டு அட்டையில ஒரு மாஸ்கோ தெரு. பனி, பெரிய ரோடு, நடுவுல ஒரு பஸ். அது தலையில ரெண்டு நீளக் கொம்பு! அது எதுக்குன்னு ஒரு வருஷம் முழுக்க கணக்கு பாடத்துல யோசிச்சிருக்கேன். (கணக்குல வாங்கின மார்க்கைக் கேக்காதீங்க.)

அது டிராலிபஸ்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ரஷ்யர்களே பேச்சுவழக்குல அதை 'கொம்பன்'னுதான் சொல்லுவாங்களாம். பல பத்தாண்டுகள் உலகத்துலயே பெரிய டிராலிபஸ் வலைப்பின்னலை வச்சிருந்த ஊர் மாஸ்கோ. 2020-ல அதை மொத்தமா மூடிட்டாங்க. ஏன்னு தேடிப் படிக்கப் படிக்க எனக்கு ஆறவே இல்லை. அதான் இதை எழுதறேன்.

முதல்ல அந்தக் கொம்பு. டிராமுக்கு மேல ஒரு கம்பி போதும். அதுல வர்ற மின்சாரம் கீழே தண்டவாளம் வழியா திரும்பிப் போயிடும். டிராலிபஸ்ஸுக்கு ரப்பர் டயர், அதனால திரும்பிப் போக வழி இல்லை. அதுக்காக மேலேயே ரெண்டாவது கம்பி. ஆகவே ரெண்டு கொம்பு. மாஸ்கோவுல 600 வோல்ட் நேர்மின்சாரம். ஸ்பிரிங் கொம்பை மேல தள்ளிப் பிடிச்சிருக்கும், நுனியில இருக்கற கார்பன் துண்டு கம்பியை உரசிக்கிட்டே போகும். கம்பிக்கு நேர் கீழேதான் போகணும்னு இல்லை, கொஞ்சம் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஒதுங்கிப் போகலாம். கம்பி ரெண்டாப் பிரியற இடத்துலதான் வேடிக்கை. டிரைவர் மின்சார பெடலை மிதிச்சுக்கிட்டே போனா ஒரு பக்கம், காலை எடுத்துட்டு உருள விட்டா இன்னொரு பக்கம். கணக்கு தப்பினா கொம்பு கழண்டு வானத்தைப் பாக்கும். டிரைவர் கனத்த கையுறை மாட்டிக்கிட்டு, பின்னாடி போய், கயித்தைப் பிடிச்சு இழுத்து மறுபடி கம்பியில உட்கார வைக்கணும். மைனஸ் இருபது டிகிரியில! பின்னாடி வர்ற டிராலிபஸ்ஸும் அதே கம்பியில வர்றதால, முந்திப் போக முடியாம வரிசை கட்டி நிக்கும்.

மாஸ்கோவுல முதல் வண்டி ஓடினது 1933 நவம்பர் 15. பெலாருஸ்கி ரயில் நிலையத்துப் பக்கத்திலிருந்து லெனின்கிராத் நெடுஞ்சாலை வழியா. வண்டியோட பேரு எல்.கே. அதாவது லாசர் ககனோவிச், ஸ்டாலினோட வலதுகை. அந்த மனுஷன் பேரை டிராலிபஸ்ஸுக்கு மட்டுமா வச்சாங்க, 1935-ல திறந்த மெட்ரோவுக்கும் இருபது வருஷம் அவர் பேருதான். (நம்ம ஊரை மட்டும் குறை சொல்லாதீங்க!) மாடி டிராலிபஸ்ஸும் விட்டுப் பாத்தாங்க. 1938, 39-ல யாரஸ்லாவ்ல் தொழிற்சாலையில செஞ்சது பத்து வண்டி. அதுக்காக கம்பியை ஒரு மீட்டர் உயர்த்தப் போக, சாதா வண்டிகளுக்கு கொம்பு எட்டாம ஒதுங்கி ஓட்ட முடியாமப் போச்சு. 1953-க்குள்ள மாடி வண்டி கதை முடிஞ்சுது.

போர்க்காலத்துல டீசலும் பெட்ரோலும் போர்முனைக்குப் போயிட, ஊருக்குள்ள சரக்கு இழுத்ததும் டிராலிபஸ்தான். பின்னாடி எழுபதுகள்ல வோல்கா நதிக்கரையில எங்கல்ஸ் நகரத் தொழிற்சாலையிலேருந்து சியு-9 வந்துது. நாப்பதாயிரத்துக்கும் மேல செஞ்சாங்க, உலகத்துலயே அதிகமா செய்யப்பட்ட டிராலிபஸ் அதுதான். என் நோட்டு அட்டையில இருந்ததும் அதுவாத்தான் இருக்கணும்.

மாஸ்கோக்காரங்களுக்கு இது வெறும் வண்டி இல்லை. புலாத் ஒகுஜாவா 1950-களிலேயே நள்ளிரவு டிராலிபஸ் பத்தி பாட்டு கட்டினார். நகரத்து நடுவைச் சுத்தி வர்ற தோட்ட வளையச் சாலையில 'பே' (ரஷ்ய எழுத்து Б) வழித்தடம். செல்லமா 'புகாஷ்கா', அதாவது குட்டிப்பூச்சி. அதே சாலையிலதான் 1991 ஆகஸ்ட் 21 ராத்திரி, ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியப்போ, கவச வண்டிகளை மறிக்க ஜனங்க டிராலிபஸ்களைக் குறுக்கே நிறுத்தினாங்க. அந்தச் சுரங்கப் பாதையில மூணு இளைஞர்கள் செத்துப் போனாங்க. பீரங்கிக்கு முன்னாடி டிராலிபஸ்ஸை நிறுத்தின ஊருங்க அது.

அப்படிப்பட்ட ஊர்ல என்ன ஆச்சு? 2010-களின் ஆரம்பத்துலகூட ஆயிரத்துக்கும் மேல வண்டிகள், எண்பதுக்கும் மேல வழித்தடங்கள். தெருக்களை அழகுபடுத்தற வேலைன்னு நகரத்து நடுவுல கம்பிகளைக் கழட்ட ஆரம்பிச்சாங்க. 2016-ல 'பே' வழித்தடத்துல டீசல் பஸ் விட்டாங்க. முதல்ல தற்காலிகம்னு சொன்னாங்க... தற்காலிகம்னா என்னன்னு நமக்குத் தெரியாதா? 2018 செப்டம்பர் 1-ல பேட்டரி பஸ் வந்துது. 2020 ஆகஸ்ட் 25-ஓட டிராலிபஸ் சேவை முடிஞ்சுது. 87 வருஷம் ஆக மூணு மாசம்கூட பாக்கி இல்லை.

நகராட்சி சொன்ன காரணங்கள்: கம்பி அசிங்கமா இருக்கு, கொம்பு கழண்டா ரோடே அடைக்குது, பாதையை மாத்த முடியாது. பொய்னு சொல்ல மாட்டேன். பனியில இறங்கி கயிறு இழுத்த டிரைவரைக் கேட்டா அவரும் தலையாட்டுவார். ஆனா பேட்டரி பஸ் கடைசி நிறுத்தத்துல நின்னு நின்னு சார்ஜ் ஏத்திக்கணும். ஆரம்பத்துல வந்த வண்டிகள்ல குளிருக்கு உள்ளே சூடு கொடுக்க ஒரு டீசல் ஹீட்டர் வேற! புகை இல்லாத வண்டின்னு விட்டு, குளிர்காலத்துல டீசல் எரிச்சிருக்காங்க.

இதுல என் வயித்தெரிச்சல் என்னன்னா, ரெண்டையும் சேர்க்க வழி இருந்துது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல 2017 கடைசியிலேயே பேட்டரி வச்ச டிராலிபஸ் விட்டுட்டாங்க. கம்பி இருக்கற இடத்துல ஓடிக்கிட்டே சார்ஜ் ஏறும், கம்பி இல்லாத இடத்துல கொம்பை இறக்கிட்டு பேட்டரியில போகும். தனியா நின்னு சார்ஜ் போட வேண்டாம். அழகான சதுக்கத்துல கம்பியும் வேண்டாம். மாஸ்கோகிட்ட இருந்த மாதிரி அவ்வளவு கம்பி வேற எந்த ஊர்கிட்டயும் இல்லை. அதைத்தான் கழட்டிப் போட்டாங்க.

கொஞ்சம் மனசாட்சி உறுத்திச்சோ என்னவோ, 2020 செப்டம்பர் 4-ல 'தே' (ரஷ்ய எழுத்து Т) அப்படின்னு அருங்காட்சியக வழித்தடம் ஒண்ணு திறந்தாங்க. மூணு ரயில் நிலையங்கள் இருக்கற கொம்சொமோல்ஸ்கயா சதுக்கத்துப் பக்கம், சின்னச் சுற்று. அந்தப் பக்கம் யாராவது போனா ஒரு நடை ஏறிட்டு வாங்க. கொம்பு கழண்டா இறங்கி நின்னு பாருங்க, டிரைவர் கோவிச்சுக்க மாட்டார் :-)