ஸ்கெர்ட்ஸோ

இத்தாலிய மொழியில் ‘ஸ்கெர்ட்ஸோ’ என்றால் விளையாட்டு, கேலி என்று பொருள். வேர் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. ஜெர்மனில் வேடிக்கைப் பேச்சை இன்றும் ‘ஷெர்ட்ஸ்’ என்கிறார்கள். 1607இல் மான்டெவெர்டியின் பாடல் தொகுப்பு ஒன்று இந்தப் பெயரோடு வெளிவந்தது. 1781இல் ஹைடன், தம் நால்வர் தந்தியிசைப் படைப்புகளில் வழக்கமாக மினுவெட் நடனம் வரும் இடத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்.

அதற்கு முழு உயிர் கொடுத்தவர் பீத்தோவன். அவருடைய மூன்றாம் சிம்பொனியின் ஸ்கெர்ட்ஸோவைக் கேட்க வேண்டும். வயலின்கள் முணுமுணுப்பாக, துண்டு துண்டான சுரங்களில் ஓடத் தொடங்குகின்றன. திடீரென்று இசைக்குழு முழுவதும் வெடித்தெழுகிறது. தாளம் மூன்று எண்ணிக்கைதான், ஆனால் வேகத்தில் மூன்றும் ஒரே அடியாகிவிடும். ‘ட்ரியோ’ எனப்படும் நடுப்பகுதியில் மூன்று கொம்புகள் வேட்டைக்கு அழைப்பதுபோல் முழங்கும். பிறகு முதற்பகுதி திரும்பும்.

ஷோபான் பியானோவுக்கு நான்கு ஸ்கெர்ட்ஸோக்கள் எழுதினார். முதலாவதன் நடுவில் போலந்துக் கிறிஸ்துமஸ் தாலாட்டின் மெட்டு வருகிறது; ஆனால் அந்த ஸ்கெர்ட்ஸோ தொடங்குவதோ அலறல் போன்ற இரண்டு சுரக்கூட்டுகளில். அதில் கேலியே இல்லை. வேகமும் மூன்றெண்ணிக்கைத் தாளமும் இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது.