ஆத்துத் தண்ணி தஞ்சாவூருக்கு, கரண்ட் நமக்கு

எங்க தாத்தா காலத்தில் தோட்டத்துக் கிணறு 40 அடி. அப்பா அதை வெடி வைத்து 70 அடியாக்கினார். எண்பதுகளில் கிணற்றுக்குள்ளேயே சைடு போர் போட்டார்கள். தொண்ணூறுகளில் கிணற்று மேட்டிலேயே 300 அடிக்கு ஒரு போர், அப்புறம் 600. கடைசியாகப் போட்டது ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் பறந்தது. ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் பக்கம் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

"மழை குறைஞ்சு போச்சு" என்பது ஊரில் சொல்லும் காரணம். ஆனால் மழை பொய்த்த வருஷங்கள் நமக்குப் புதுசு இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. அப்படிப்பட்ட பஞ்சத்துக்குப் பிறகும் கிணறுகள் 40 அடியிலேயே ஊறிக்கொண்டிருந்தன. அப்படியானால் நடுவில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. அதைத் தேடிப் போனால், நான் எதிர்பார்க்காத ஒரு இடத்தில் போய் நின்றது: மேட்டூர் அணை.

1924-ல் மதராஸ், மைசூர் அரசுகளுக்கு இடையே காவிரி ஒப்பந்தம். 1925-ல் அணை வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21-ல் திறப்பு. அன்றைய கவர்னர் ஸ்டான்லி பெயரையே நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நோக்கம் தஞ்சாவூர்ப் பாசனம். இருந்த வயலுக்கு நேரத்துக்குத் தண்ணீர், அதோடு புதிதாகச் சுமார் 3 லட்சம் ஏக்கர். அணைக்காக மூழ்கிய ஊர்கள் நம்ம பக்கத்து ஊர்கள். இப்போதும் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய சர்ச் கோபுரமும் வெளியே தெரியும்.

"நம்ம ஊர் அணை, நமக்குத் தண்ணி இல்லை" என்ற ஆதங்கம் சேலத்தில் தலைமுறை தலைமுறையாக உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், உயரக் கணக்கைப் பார்க்கும்வரை. அணை முழுசாக நிரம்பினாலும் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி. சேலம் டவுன் இருப்பது 900 அடிக்கு மேல். வாய்க்கால் வெட்டி வர வைக்க முடியாது, பம்ப் பண்ணித்தான் ஏற்ற வேண்டும். 1950-களில் வந்த மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கின்றன. அவையும் ஆற்றை ஒட்டிய தாழ்வான பூமிக்குத்தான். மேட்டுக்காட்டுக்கு மானாவாரியும் கிணறும்தான் கதி.

ஆனால் மேட்டூரிலிருந்து இன்னொன்று மேடு ஏறி வந்தது. 1937-ல் அணையின் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. கரண்ட்டுக்கு மேடு பள்ளம் கிடையாது. மேட்டூர், பைக்காரா, பிறகு குந்தா என்று மின்சாரம் பெருகப் பெருக, ஊர் ஊராகக் கம்பி இழுத்தார்கள். கோயமுத்தூரில் மோட்டார் செய்தார்கள். நம்ம கிணறுகளில் 5 எச்.பி. மோட்டார் உட்கார்ந்தது.

அதற்கு முன் கவலை ஏற்றம். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். எருதுக்கு ஓய்வு வேண்டும், ஓட்டுபவருக்கும் ஓய்வு வேண்டும். அந்த நேரத்தில் கிணறு ஊறிக்கொள்ளும். எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு யாரும் சட்டம் போடவில்லை, மாட்டின் மூச்சே அளவு. மோட்டார் வந்ததும் அந்த அளவு போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எந்த அளவையும் நாம் வைக்கவில்லை.

கரண்ட் விவசாயத்தின் உயிர்நாடி ஆனதும் அதன் விலை அரசியலானது. எழுபதுகளில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் பெரிய போராட்டங்கள் நடந்தன. 1972 ஜூலையில் நம்ம பெத்தநாயக்கன்பாளையத்தில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். இதைத் தெரியாமல் இலவச மின்சாரத்தைப் பற்றிப் பேசுவது தப்பு. ஆற்றுப் பாசனக்காரருக்குத் தண்ணீர் தானாக வயலுக்கு வருகிறது, எங்களுக்கு மட்டும் ஒவ்வொரு சாலுக்கும் காசா என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கூடவே ஒன்று நடந்தது. பெரும்பாலான சர்வீஸ்களில் மீட்டர் இல்லை. எத்தனை யூனிட் ஓடியது என்பதே மதிப்பீடு என்றால், எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது என்று எப்படித் தெரியும்?

இதே காலத்தில் வந்தது ரிக். 1966-67 பீகார் வறட்சியின்போது யுனிசெஃப், கடும்பாறையைக் காற்றழுத்தச் சுத்தியலால் துளைக்கும் இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மாதக்கணக்கில் வெடி வைத்து வெட்டியது, ஒரு நாள் ராத்திரி வேலை ஆகிவிட்டது. அந்தத் தொழிலை அரசாங்கத்தைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது திருச்செங்கோடு. லாரியில் கம்ப்ரசரை ஏற்றிக்கொண்டு ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான், ஆப்பிரிக்கா வரை போனார்கள். தண்ணீர் இல்லாத ஊர், தண்ணீர் தேடும் தொழிலில் நாட்டுக்கே தலைநகரம் ஆனது. இதில் எனக்குப் பெருமைதான். அதே ரிக் நம்ம காட்டையும் சல்லடையாக்கியது என்பதும் உண்மை.

நம்ம பூமி கடும்பாறை. மேலே சில பத்து அடி சிதைந்த பாறை, அதில்தான் மழைத் தண்ணீர் தேங்கும். அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் கிடைப்பது மட்டும்தான். ஆயிரம் அடியில் கிடைப்பது புது ஊற்று என்று நினைக்கிறோம். பெரும்பாலும் மேலே இருந்து பல வருஷமாக மெல்ல இறங்கிய பழைய சேமிப்பு அது. பக்கத்துத் தோட்டத்து போரும் அதே வெடிப்பில்தான் உறிஞ்சுகிறது.

ஆக ஆறு நீர்வளத்துறையிடம், கரண்ட் மின் வாரியத்திடம், நிலத்தடி நீர் யார் காட்டுக்கடியில் இருக்கிறதோ அவரிடம். ஒரே தண்ணீருக்கு மூன்று கணக்குப் புத்தகம், ஒன்றை ஒன்று பார்ப்பதில்லை. முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2003-ல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது. 2007-ல் உலக வங்கிக் கடனில் வந்த நீர்வள நிலவளத் திட்டம், உபவடிநிலத்தை அலகாக வைத்து, பொதுப்பணி, வேளாண்மை, மீன்வளம் எனப் பல துறைகளை ஒரே மேசையில் உட்காரவைத்தது. யோசனை சரியானது. ஆனால் மேசை திட்டக்காலம் வரைதான் இருந்தது.

2021-ல் மேட்டூர்-சரபங்கா திட்டம் திறக்கப்பட்டது. அணை நிரம்பி வழியும்போது உபரி நீரைத் திப்பம்பட்டியில் பம்ப் பண்ணி 100 ஏரிகளுக்கு விடுவது. அணை திறந்து 87 வருஷத்துக்குப் பிறகு, கரண்ட் போட்டுத் தண்ணீரை மேடு ஏற்றியிருக்கிறோம். டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. வருவது சுமார் அரை டி.எம்.சி., அதுவும் அணை நிரம்பும் வருஷம் மட்டும். ஏரி நிறைந்தால் சுற்றியுள்ள கிணறு ஊறும். நல்லதுதான். ஆனால் அந்த ஊற்றை எத்தனை போர்கள் எத்தனை நாளில் காலி பண்ணும் என்ற கணக்கு இல்லாவிட்டால் ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுதான்.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. நாமக்கல் மேட்டுக்காட்டுக்கு மேட்டூர்த் தண்ணீர் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது. சேலம் மாநகரம் குடிப்பது மேட்டூரிலிருந்து வரும் காவிரி. குடித்து, குளித்து, சாயம் நனைத்து, திருமணிமுத்தாற்றில் விடுகிறது. அது நாமக்கல் மாவட்டத்து ஏரிகளை நிரப்பி, கிணறுகளில் நுரையாக இறங்கி, கடைசியில் மறுபடி காவிரியில் சேர்கிறது. இந்த ஒரு ஆற்றுக்கு மட்டும் ஒரே கணக்கு எழுதிப் பார்க்கலாம். நகரம் எவ்வளவு எடுத்தது, எவ்வளவு சுத்தம் பண்ணி விட்டது, எந்த ஏரி எவ்வளவு பிடித்தது, எந்த மின் பாதையில் எத்தனை யூனிட் ஓடியது. கரண்ட்டுக்குக் காசு கேட்க வேண்டாம், அளந்தால் போதும். இதில் எதற்கும் புது அணை தேவையில்லை.

எங்க பழைய கிணறு இன்னும் மூடவில்லை. நல்ல மழை பெய்த வருஷம் அடியில் கொஞ்சம் தண்ணீர் தெரியும். போன முறை ஊருக்குப் போனபோது கயிறு விட்டு அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இனி ஒவ்வொரு முறையும் எழுதப் போகிறேன்.