வந்தவர்கள் விரித்த மேசைகள்

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வரும் நம்மவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. லண்டனில் கோபுரப் பாலம், பாரிஸில் ஈபிள் கோபுரம், வியன்னாவில் ஷோன்புருன் அரண்மனை, புடாபெஸ்டில் நாடாளுமன்றம். சாப்பாடு இவற்றுக்கு நடுவே அவசரமாக முடித்துவிடும் காரியம். கனடாவிலிருந்து வந்த என் சித்தியின் மகள் வெளிப்படையாகவே கேட்டாள்: "சுத்திப் பாக்க வந்தனாங்கள் அண்ணா, கடைக்குள்ள இருந்து சாப்பிட்டு நேரத்தைப் போக்காட்டவோ?"

நான் பாரிஸ் குசினிகளில் உழைத்து வாழ்கிறவன். கோப்பை கழுவச் சேர்ந்து, மரக்கறி வெட்டி, இன்று ஓர் உணவகத்தில் அடுப்புக்குப் பொறுப்பாக நிற்கிறேன். கடை பூட்டும் ஓகஸ்ட் விடுமுறைகளில் மனைவியோடு மற்றத் தலைநகரங்களுக்குப் போய், அங்குள்ள பழைய சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் பார்த்திருக்கிறேன். தங்கைக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்நகரங்களின் பேர்பெற்ற மேசைகளில் பலவற்றை விரித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் அல்லர். வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அரண்மனைக்குக் கொடுக்கும் மதிப்பை அந்த மேசைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

லண்டனின் முதல் கோப்பிக் கடை 1652ஐ ஒட்டி, கோர்ன்ஹில் பகுதியில் செயின்ட் மைக்கேல் சந்தில் திறந்தது. நடத்தியவர் பாஸ்குவா ரோசே. ஒட்டோமான் பேரரசின் ஸ்மிர்னாவில் வணிகம் செய்த டேனியல் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் தம்மோடு அழைத்துவந்த வேலையாள் அவர். அவர் போட்டுக் கொடுத்த கோப்பிக்காக எட்வர்ட்ஸின் வீட்டில் நண்பர்கள் ஓயாமல் கூடியதால், தனிக் கடை வைக்க வழி பிறந்தது. விரைவிலேயே நகரமெங்கும் கோப்பிக் கடைகள் பெருகின. அங்கே மக்கள் அரசைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அஞ்சிய இரண்டாம் சார்ல்ஸ் மன்னர், 1675 டிசம்பரில் அவற்றை மூடும்படி ஆணையிட்டார். எதிர்ப்பு வலுத்ததால் ஜனவரியிலேயே ஆணையைக் கைவிட்டார். கப்பல் வணிகர்கள் கூடிய எட்வர்ட் லொய்டின் கோப்பிக் கடையிலிருந்துதான் இன்றைய லொய்ட்ஸ் காப்புறுதிச் சந்தை வளர்ந்தது.

அதே லண்டனில் 1810இல், போர்ட்மன் சதுக்கத்துக்கு அருகே ஜோர்ஜ் தெருவில் இந்துஸ்தான் கோப்பி ஹவுஸ் என்ற கடை திறந்தது. பாட்னாவில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பனிப் படையில் வேலை பார்த்து, அயர்லாந்து வழியாக லண்டன் வந்துசேர்ந்த ஷேக் தீன் முகமது அதன் உரிமையாளர். இந்தியர் ஒருவர் லண்டனில் நடத்திய முதல் இந்திய உணவகமாக அது அறியப்படுகிறது. மூங்கில் கதிரைகள், ஹூக்கா, மசாலா சேர்த்த கறிகள் எல்லாம் இருந்தும் வாடிக்கையாளர் போதவில்லை. 1812இல் அவர் கடனில் மூழ்கினார். பின்னர் பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தி, மன்னர் நான்காம் ஜோர்ஜுக்கே மருத்துவ உருவுதல் செய்யும் அளவுக்கு உயர்ந்தார். அவருடைய உணவகம் இருந்த தெருவில் இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

பாரிஸுக்கு வருகிறேன். 1672இல் பஸ்கால் என்ற ஆர்மீனியர் செயின்ட் ஜெர்மேன் சந்தையில் கோப்பி விற்றார். அவரிடம் வேலை பழகியவர் என்று சொல்லப்படும் சிசிலித் தீவுக்காரர் பிரான்செஸ்கோ புரோகோப்பியோ, 1686இல் தம் பெயரால் ஒரு கடை திறந்தார். கண்ணாடிகளும் பளிங்கு மேசைகளும் வைத்து, கோப்பியோடு பழக்குளிர்களும் விற்றார். மூன்று ஆண்டுகளில் பிரெஞ்சு நாடக அரங்கு எதிரே வந்ததால் நடிகர்களும் எழுத்தாளர்களும் அங்கே குடியேறினார்கள் என்றே சொல்லலாம். வோல்தேரும் திதெரோவும் அமர்ந்த அந்தப் புரோகோப் இன்றும் அதே தெருவில் உணவகமாக நடக்கிறது.

அந்நாளில் வழிப்போக்கன் ஒருவன் பாரிஸில் சாப்பிட வேண்டுமானால், விடுதிக்காரர் குறித்த நேரத்துக்குப் போய், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே நீண்ட மேசையில் இருந்து, வைத்ததைச் சாப்பிட்டு எழ வேண்டும். 1760களில் மத்துரென் ரோஸ் த ஷாந்துவாசோ போன்றவர்கள், உடம்புக்குத் தெம்பு தரும் இறைச்சிச் சாறு விற்கும் கடைகளைத் தொடங்கினார்கள். அங்கே விரும்பிய நேரத்துக்குப் போகலாம். தனி மேசை கிடைக்கும். விலை எழுதிய பட்டியலிலிருந்து வேண்டியதைக் கேட்கலாம். உலகமெங்கும் நாம் காணும் உணவக முறை இதிலிருந்துதான் வந்தது. 1789 புரட்சியில் பிரபுக்கள் நாட்டைவிட்டு ஓட, வேலையிழந்த அவர்களின் சமையற்காரர்கள் சிலர் சொந்தக் கடை வைத்தார்கள். தேசிய சபைக்கு மாகாணங்களிலிருந்து வந்த உறுப்பினர்கள் அவற்றை நிரப்பினார்கள். பிரபுக்களின் வீடுகளுக்கு மட்டுமே பழக்கமாயிருந்த சமையல், காசு கொடுக்கக்கூடிய எவருக்கும் கிடைக்கும் ஒன்றாயிற்று.

பாரிஸின் கஃபேக்கள் பெருகிய கதையோ இதைவிடக் கடினமானது. 19ஆம் நூற்றாண்டில் நடுப் பிரான்சின் ஓவெர்ன், அவெரோன் மலைப்பகுதிகளிலிருந்து ஏழை இளைஞர்கள் தலைநகருக்கு வந்தார்கள். வாளிகளில் தண்ணீர் சுமந்து மாடிமாடியாக ஏற்றினார்கள். பிறகு விறகும் நிலக்கரியும் விற்றார்கள். கடையின் ஒரு பாதியில் கரி, மறுபாதியில் வைன். கரி படிந்த முகங்களைப் பாரிஸ்வாசிகள் கேலி செய்தார்கள். வைன் விற்ற பாதி வளர்ந்து வளர்ந்து, இந்நகரின் கஃபேக்களில் பெரும்பகுதி அவர்கள் கைக்கு வந்தது. எனக்கு முதல் வேலை தந்த முதலாளி அவெரோன்காரர். அவருடைய பாட்டனார் கரிமூட்டை சுமந்தவர். கடை பூட்டிய பிறகு எங்களுக்குச் சூப்பு ஊற்றித் தந்துவிட்டுத்தான் தனக்கு ஊற்றுவார். பாரிஸில் எல்லோரும் ஒருநாள் வந்தவர்கள்தான் என்று அவர் சொன்னது எனக்கு அப்போது பெரிய தைரியமாக இருந்தது.

1870-71 போரில் தோற்ற பிரான்ஸ், அல்சாஸ் பகுதியை ஜெர்மனியிடம் இழந்தது. ஜெர்மன் ஆட்சியில் வாழ விரும்பாத அல்சாஸ்காரர் பலர் பாரிஸ் வந்தார்கள். 1880இல் லெயோனார் லிப் என்ற அல்சாஸ்காரர் செயின்ட் ஜெர்மேன் வீதியில் திறந்த பியர்க்கடை, இன்று பிரஸ்ஸரி லிப் என்று உலகப் புகழுடன் நிற்கிறது. புளிக்க வைத்த முட்டைக்கோசைப் பன்றி இறைச்சியோடு சமைக்கும் அல்சாஸ் உணவு, பாரிஸின் சொந்த உணவாகவே ஆகிவிட்டது.

கையில் காசு குறைந்தவர்கள் 1896இல் ஷார்த்தியே சகோதரர்கள் மொன்மார்த்ர் புறத் தெருவில் திறந்த சாப்பாட்டுக் கடையைப் பார்க்க வேண்டும். உழைப்பாளிகள் மலிவாக வயிறு நிறையச் சாப்பிடும்படி வைத்த கடை அது. பரிசாரகர் கணக்கை மேசையில் விரித்த கடதாசியிலேயே எழுதிக் கூட்டுவார். வழக்கமாக வருகிறவர்கள் தங்கள் துவாயை வைத்துப் போக எண்ணிட்ட சிறு இழுப்பறைகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. 1989இல் அரசு அந்தச் சாப்பாட்டறையை வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மயோனைஸ் ஊற்றிய அவித்த முட்டையும் பாணும் அங்கே இன்றும் சில யூரோக்களுக்குக் கிடைக்கும்.

வியன்னாவில் கோப்பியின் வரவை 1683 துருக்கிய முற்றுகையோடு சேர்த்துச் சொல்வார்கள். தோற்றோடிய படை விட்டுப்போன மூட்டைகளில் இருந்தது ஒட்டகத் தீனி என்று எல்லோரும் நினைக்க, கொல்ஷிட்ஸ்கி என்ற ஒற்றர் மட்டும் அது கோப்பிக்கொட்டை என்று அறிந்து கடை வைத்தாராம். நூறு ஆண்டுக்குப் பின் எழுதப்பட்ட கதை இது. ஆவணங்களின்படி 1685இல் முதல் உரிமம் பெற்றவர் யோஹன்னஸ் தியோதாத்தோ என்ற ஆர்மீனியர். கதையை நம்பினாலும் ஆவணத்தை நம்பினாலும், வியன்னாவுக்குக் கோப்பி தந்தவர் வெளியாள்தான்.

பொஹீமியாவிலிருந்து வந்த செக் சமையற்காரிகள் வியன்னா வீடுகளின் அடுப்பை ஆண்டார்கள். இன்று வியன்னாவின் பெருமையாகப் பேசப்படும் மாவுப் பலகாரங்கள் பல அவர்கள் கைவழி வந்தவை. 1939இல் தொடங்கிய ஹவெல்கா கோப்பிக் கடையில் இரவு எட்டு மணிக்குப் பிறகு, பிளம்ஸ் களி பொதித்த புக்தெல்ன் என்ற மெதுபணிஸ் சூடாக வரும். அதுவும் பொஹீமியச் சரக்குத்தான். கோப்பியை வெள்ளித் தட்டில், பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரோடு வைப்பார்கள். ஒரு கோப்பி வாங்கினால் எவ்வளவு நேரமும் இருக்கலாம். கேட்காமல் பரிசாரகர் கணக்குக் கொண்டுவர மாட்டார். மரச் சட்டத்தில் மாட்டிய பத்திரிகைகளை இலவசமாக வாசிக்கலாம்.

1910இல் வியன்னாவில் இருபது இலட்சம் பேர் இருந்தார்கள். பேரரசின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்து, குளிரும் நெரிசலுமான அறைகளில் வாழ்ந்தவர்களுக்குக் கோப்பிக் கடை சூடான இன்னொரு வீடாயிற்று. 1876இல் திறந்த சென்ட்ரல் கோப்பிக் கடையைத் தம் முகவரியாகவே கொடுத்தார் எழுத்தாளர் பீட்டர் ஆல்டன்பெர்க். அங்கே சதுரங்கம் ஆடியவர்களில் ரஷ்ய அகதியான ட்ரொட்ஸ்கியும் ஒருவர். 1938இல் நாஜிகள் ஒஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும் யூதர்களின் கடைகள் பறிக்கப்பட்டன. அந்த மேசைகளுக்கு உயிர் கொடுத்த எழுத்தாளர்களும் வாடிக்கையாளர்களும் நாடுகடந்தார்கள், அல்லது கொல்லப்பட்டார்கள். 2011இல் ஒஸ்திரியா தன் கோப்பிக் கடைப் பண்பாட்டை நாட்டின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. அதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் 1938ஐயும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புடாபெஸ்டின் புகழ்பெற்ற இனிப்புக் கடையை இன்றைய நிலைக்கு உயர்த்தியவர் ஜெனீவாவிலிருந்து வந்த எமில் ஜெர்போ என்ற சுவிஸ்காரர். கடை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1894இல் நியூயோர்க் என்ற அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனி அங்கே கட்டிய மாளிகையின் தரைத்தளத்தில் நியூயோர்க் கோப்பிக் கடை திறந்தது. பொன்முலாம் பூசிய தூண்களுக்கு நடுவே, காசில்லாத எழுத்தாளர்களுக்கு மையும் கடதாசியும் கொடுத்தார்கள். பாணும் பாலாடைக்கட்டியும் இறைச்சித் துண்டுகளும் வைத்த 'எழுத்தாளர் தட்டு' குறைந்த விலைக்குக் கிடைத்தது. 1908இல் தொடங்கிய 'நியுகத்' இதழின் ஆசிரியர் எர்னோ ஓஸ்வாத் அங்கிருந்த மேசையில்தான் கையெழுத்துப் படிகளைத் திருத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சில காலம் அந்த மண்டபத்தில் விளையாட்டுப் பொருட்கள் விற்றார்கள். இன்று அங்கே படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கிறது.

மறுபடி பாரிஸ். 1983க்குப் பிறகு பெருந்தொகையாக வந்த ஈழத்தமிழர்களில் மிகப் பலர் இந்நகரின் குசினிகளுக்குள்தான் நுழைந்தோம். அகதி விண்ணப்பத்தின் முடிவு வரும்வரை கோப்பை கழுவினோம். பிறகு சலாது, பிறகு அடுப்பு. வட ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பல் பகுதியில் நம் கடைத்தெரு உருவாயிற்று. 2023இல் பாரிஸ் நகரின் மிகச் சிறந்த பாணுக்கான பரிசை, இருபதாம் வட்டாரத்தில் வெதுப்பகம் நடத்தும் தர்ஷன் செல்வராஜா வென்றார். அந்தப் பரிசின்படி ஓராண்டு முழுவதும் பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் குசினியில் பிரெஞ்சுக்காரர், மாலிக்காரர், தமிழர் எல்லோரும் கைதட்டினோம். புரோகோப்பியோ, லிப், அவெரோன் கரிக்காரர் வரிசையில் அவரையும் வைத்தே பாரிஸின் உணவு வரலாற்றை இனி எழுத வேண்டும்.

இந்தத் தலைநகரங்களுக்கு வரும் உறவுகளே, கோபுரங்களையும் அரண்மனைகளையும் பாருங்கள். ஒவ்வொரு நகரத்திலும் ஒரு நேரச் சாப்பாட்டையாவது பழைய கடை ஒன்றில், அவசரமில்லாமல் இருந்து சாப்பிடுங்கள். அந்தக் கடையைத் தொடங்கியவர் எங்கிருந்து வந்தவர் என்று கேளுங்கள். உள்ளே சமைக்கிறவர் எங்கிருந்து வந்தவர் என்றும் கேளுங்கள். இரண்டு பதில்களும் சேர்ந்ததுதான் அந்த நகரத்தின் வரலாறு.