மழைக்கு முன் வீட்டைச் செப்பனிடுதல்: கம்பைநல்லூர் வட்டாரம்

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன் கூரை, சுவர், நீர்ப்போக்கு, மின்கம்பி ஆகியவற்றைப் பார்த்துச் சீர்செய்துகொள்ளும் வேலைகள் இங்கே தொகுக்கப்படுகின்றன. குளிர்நாட்டார் பனிக்காலத்துக்கு முன் வீட்டைத் தயார்செய்வதுபோல், தமிழ்நாட்டார் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் தயார்செய்கிறார்கள். இவ்வேலைகள் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: விழுந்த தண்ணீர் வீட்டின் மேலும் வீட்டோரத்திலும் தங்காமல் வெளியேற வேண்டும். வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் பெய்யும் மழையன்று, தேங்கும் மழையே.

கம்பைநல்லூர் ஒரு பேரூராட்சி. தென்பெண்ணையின் துணையாறுகளுள் ஒன்று கம்பைநல்லூர் ஆறு என்று இவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. தென்பெண்ணை கிருஷ்ணகிரி அணையிலிருந்து காவேரிப்பட்டணம், இருமத்தூர் வழியாகச் சாத்தனூர் நோக்கிப் போகிறது. கடலோர மாவட்டங்களுக்கு மழை ஐப்பசியில்தான் வலுக்கும். தருமபுரிக்கோ தென்மேற்குப் பருவத்தின் பிற்பகுதியிலேயே, ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியுடன் நல்ல மழை கிடைத்துவிடும். அதனால் சிமெண்ட்டோ சுண்ணாம்போ காய வேண்டிய வேலைகளை ஆடி, ஆவணியில் முடித்துவிட்டு, கழுவுதல், அடைப்பெடுத்தல் போன்றவற்றைப் புரட்டாசிக்கு விடுவதே இவ்வட்டாரத்துக்குப் பொருந்தும். ஆயுதபூசைக்கு வீட்டை ஒழிப்பது எப்படியும் வழக்கம். அந்த நாளிலேயே ஓர் ஆள் மாடிக்கும் ஏறிப் பார்த்துவிடலாம்.

வறண்ட மாவட்டம்தானே என்ற எண்ணம் 2024இல் பொய்த்தது. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களுக்குள் மெல்ல நகர்ந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை பதிவானது. ஒரு சென்டிமீட்டர் மழை 1000 சதுர அடி மொட்டைமாடியில் ஏறத்தாழ 930 லிட்டர் தண்ணீரைக் கொட்டுகிறது. அரூரில் பெய்த அளவுக்கு அப்படியொரு மாடியின் மேல் ஒரே நாளில் விழுந்தது 30,000 லிட்டருக்கு மேல். அத்தனையும் மாடி மூலையில் இருக்கும் ஒன்றிரண்டு குழாய்களின் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

கூரையும் தளமும்

அந்தக் குழாய்வாயில்தான் வேலை தொடங்குகிறது. கையை உள்ளே விட்டால் மட்கிய வேப்பஞ்சருகு, காகம் கொண்டுவந்து போட்ட குச்சி, பிளாஸ்டிக் பை, சில சமயம் பிள்ளைகள் தொலைத்த பந்துகூட வரும். எல்லாவற்றையும் எடுத்தபின் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே தடையின்றி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வாயில் கம்பிவலை பொருத்தினால் மட்டும் போதாது. வலையின் மேலேயே சருகு படிந்து பாய்போல் மூடிக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை அதைத் தள்ளிவிட வேண்டும்.

அடுத்தது வாட்டம். மாலையில் தளத்தைக் கழுவிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால், எங்கெங்கே குட்டை நிற்கிறதோ அங்கெல்லாம் பள்ளம் இருக்கிறது. பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள பூச்சு உதிர்ந்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். கான்கிரீட் தளத்து விரிசலின் மேலே சிமெண்ட் பால் தடவுவது வீண்செலவு. விரிசலைச் சற்று அகலமாகக் கொத்தி, தூசியை ஊதி எடுத்து, ஈரம் காட்டி, நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை சேர்த்த சாந்தால் அடைத்தால்தான் நிற்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் பெரும்பாலும் ஒழுகும் இடம். அங்கே முளைத்திருக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். வேரோடு பிடுங்கி அந்த ஓட்டையைப் பூச வேண்டும்.

ஓட்டு வீடுகளில் இருவகை உண்டு. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் பூனை நடந்தாலே ஓடு நகரும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் பிரித்து, இற்றுப்போன ரீப்பர்களை மாற்றி, மறுபடி வேய்வது முறை. நாட்டு ஓடு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. பழைய வீடு பிரிக்கும் இடத்தில் வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைப்பவர்களே முன்யோசனைக்காரர்கள். மங்களூர் ஓடு ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் வகை. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையால் இது தென்னிந்தியா முழுக்கப் பரவியது. இதில் மோட்டு ஓட்டுச் சாந்தும், இரு கூரைகள் சேரும் கூடல்வாயும் பார்க்க வேண்டியவை. தகர ஷீட், சிமெண்ட் ஷீட் கூரைகளில் ஆணி, போல்ட் துளைகளின் வாஷரை மாற்றினால் பாதி ஒழுகல் நின்றுவிடும். சிமெண்ட் ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. பலகை போட்டு அதன்மேல்தான் ஏற வேண்டும்.

மண்சுவர்

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது மண்சுவரே. கூரை ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம், சுவர் நனைந்தால் உயிருக்கே ஆபத்து. மண்சுவர் மேலிருந்து கரைவதைவிட அடியிலிருந்து ஊறி வலுவிழப்பதே மிகுதி. தாழ்வாரத்திலிருந்து சொட்டும் நீர் சுவரோரத்து மண்ணை அரித்துப் பள்ளமாக்கும், பள்ளத்தில் நின்ற நீரைச் சுவர் உறிஞ்சும், அடிப்பகுதி மெத்தென்றாகி ஒருநாள் மேலேயுள்ள பாரம் உட்காரும். இது மழை விட்ட பிறகும் நடக்கும். பரிகாரம் எளிது: சுவரோரத்தில் மண் கொட்டி வெளிப்பக்கம் சரிவாகக் கெட்டிக்க வேண்டும், நீர் சொட்டும் இடத்தில் கல் பாவ வேண்டும், குளியலறைத் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளி விட வேண்டும். விறகையும் வறட்டியையும் சுவரில் சாய்த்து அடுக்குவதையும் தவிர்க்க வேண்டும். அந்த அடுக்கு ஈரத்தைக் காக்கும், கரையானுக்கும் கட்டுவிரியனுக்கும் இடமாகும்.

காம்பவுண்டு சுவர்களும் இதே காரணத்தால் விழுகின்றன. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில் தொடர்மழையில் உயரமான கற்சுவர் ஒன்று பக்கத்து ஓட்டு வீடுகளின் மேல் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தனர். மண்ணைத் தாங்கும் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேறத் துளைகள் வேண்டும். இருக்கும் துளைகளில் அடைப்பு எடுக்க வேண்டும்.

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற ஊராட்சிப் பகுதிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2024இல் கொண்டுவந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. புது வீடானாலும் மாடிக் குழாயில் சருகு அடையத்தான் செய்யும்.

நீர்ச் சேமிப்பும் மின்சாரமும்

தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல்லில் காவி படிவதும் எலும்பு நோய்களும் அதனால் வருபவை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. மழைநீரில் அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே இங்கே மாடியைக் கழுவி வைப்பது குடிநீருக்கான வேலையும்கூட. எல்லாக் கட்டடங்களுக்கும் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பின் வடிகட்டித் தொட்டியில் சேறு படிந்திருந்தால் ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டே தொட்டியில் பிடிக்க வேண்டும். தொட்டியை மூடாவிட்டால் ஒரு வாரத்தில் டெங்குக் கொசு அதில் உருவாகிவிடும்.

சர்வீஸ் ஒயரின் மேல் சாய்ந்த முருங்கைக் கிளையை மின்வாரியத்தாரிடம் சொல்லியே வெட்ட வேண்டும். கசிவுமின் தடுப்புக் கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவியை மாற்ற வேண்டும்.

மார்கழி, தையில் இவ்வட்டாரத்தில் குளிர் நன்றாகத் தெரியும். தகரக் கூரையில் விடியற்காலையில் பனி கோத்துச் சொட்டும். அது ஒழுகல் அன்று. குளிருக்காகக் கதவடைத்த அறையில் கரியடுப்பு மூட்டி உறங்குவது உயிரைப் பறிக்கும். அதில் எழும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

மழை நாளில் மண்சுவரில் புதிய விரிசலோ, அடிப்பகுதியில் வீக்கமோ, கதவு திடீரெனச் சிக்குவதோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல், முதியவர்களையும் குழந்தைகளையும் அன்றிரவே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.