அம்மாவின் கைநாட்டும் அறிவொளி நாடகமும்



போன வாரம் மாங்காட்டு வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, அம்மா நகைக்கடன் வாங்கிய ரசீது ஒன்று கிடைத்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் நீல மையில் கட்டைவிரல் ரேகை. வருடம் 1992. அதே வருடம் நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊரார் வீட்டு அம்மாக்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ல் தொடங்கியது. பெரியவர்களுக்கு வகுப்பு நடத்த அரசால் முடியும். அவர்களை வகுப்புக்கு வரவைப்பது எப்படி? வழி காட்டியது கேரளம். அங்கே சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-லிருந்தே நாடகம், பாட்டுடன் ஊர் ஊராகக் கலைப்பயணம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பலத்தில் 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னின்றது. புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் வேகம் எடுத்தபோது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். நான் அங்கே இளம் வாத்தியார்.

கலைக்குழு வேனில் வந்து இறங்கும். மேடை, திரை, மைக் எதுவும் கிடையாது. பறைச் சத்தம் கேட்டதும் ஊர் கூடிவிடும். பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் வேறு ஊரில் போய் நிற்கும் பெண், வட்டிக்காரர் எழுதியதை நம்பிக் கைநாட்டு வைக்கும் விவசாயி... பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அமைதியாகிவிடுவார்கள், அது அவரவர் கதை என்பதால். அந்த இடத்திலேயே பெயர் கொடுப்பார்கள்.

தொண்டர்களுக்குச் சம்பளம் இல்லை. ஒருவருக்குச் சுமார் பத்துப் பேர். களை எடுத்துவிட்டு வந்து அரிக்கேன் விளக்கில் உட்காருவார்கள். பாதியில் நின்றவர்களைத் திரும்ப அழைத்து வந்ததும் பாட்டும் நாடகமும்தான். சில மாதங்களில் எங்கள் வகுப்புப் பெண்களே வட்டிக்காரராகத் தலைப்பாகை கட்டி நடித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அப்போதுதான். 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டையும் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பதிவேட்டில் 9 முதல் 45 வயது வரைதான். அதைத் தாண்டிய பாட்டிகள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். எங்களைவிட நன்றாகப் பாடியவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்கள் பெயரை நாங்கள் எழுதவில்லை.

என் அம்மாவுக்கும் அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. லீவில் வந்தபோது பாடப்புத்தகத்தை நீட்டினேன். "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா இது?" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

அம்மா பிறந்தது காஞ்சிபுரம் பக்கம். நம் தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் உங்களுக்குத் தெரியும். மதியம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன், கடைசியில் தீமிதி. எழுத்தே தெரியாத அம்மா பாரதம் முழுவதையும் சொல்லுவாள், கட்டியங்காரன் குரலிலும் பேசிக் காட்டுவாள். அவளுக்குக் கூத்துதான் பள்ளிக்கூடம். அந்தப் பாட்டிலிருந்து ஆரம்பித்து "திரௌபதி" என்று முதல் வார்த்தை எழுதவைத்திருக்கலாம். புதுக்கோட்டையில் நாடகம் போட்ட எனக்கு, சொந்த வீட்டில் அது தோன்றவில்லை. அம்மா கடைசிவரை கைநாட்டுதான்.

அறிவொளி முடிந்து கலைக்குழுக்கள் நின்றதும் பலருக்குக் கற்ற எழுத்தும் மறந்துபோனது. அந்த நாட்களை அறிய விரும்புவோர் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' படியுங்கள்.

2022-ல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேல் யாரும் சேரலாம், உச்ச வரம்பு இல்லை. நல்லது. ஆனால் புத்தகத்தை மட்டும் நீட்டினால் எந்தப் பாட்டியும் அம்மா சொன்னதைத்தான் சொல்லுவாள். முதலில் அவர்களைப் பாடச் சொல்லுங்கள், நடிக்கச் சொல்லுங்கள். ஆண்டு விழாக்களில் முன்வரிசை நாற்காலியோடு நிறுத்தாமல் மேடையில் பத்து நிமிடம் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது அறிவொளியில் படித்திருந்தால் கீழே எழுதுங்கள். அவர்களே தங்கள் கையால் எழுதி, அதைப் படம் பிடித்துப் போட்டால் இன்னும் சந்தோஷம்.