சணல் வயலும் மலைவழியும்: பயண விற்பனையாளர் சிக்கலின் இந்திய வரலாறு குறித்து

பல ஊர்களுக்கும் ஒருமுறை சென்று, புறப்பட்ட இடத்திற்கே மீளும் மிகக் குறைந்த செலவுடைய வரிசையைக் காண்பது பயண விற்பனையாளர் சிக்கல் எனப்படும். 1930இல் வியன்னாவில் கார்ல் மெங்கர் இதனையொத்த தூதர் சிக்கலை முன்வைத்தார். இந்தியாவில் இது செலவுக் கணக்காகவே நுழைந்தது. வங்காளத்தின் சணல் பயிர்ப் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்ட பி.சி. மகலனோபிசு, ஒரே பரப்பினுள் களப்பணியாளர் நடக்கும் தொலைவு மாதிரி நிலங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும் என 1940இல் ‘சங்க்யா’ இதழில் எழுதினார். நிலங்கள் நான்கு மடங்கானால் நடை ஏறத்தாழ இரு மடங்காகும். இவ்வளர்ச்சி விதியை 1959இல் பியர்ட்வுட், ஹால்டன், ஹேமர்ஸ்லி ஆகியோர் நிறுவினர்.

மகலனோபிசை இச்சிக்கலின் முன்னோடி என்பர். அது பாதி உண்மையே. எவ்வளவு நடக்க நேரும் என்பதே அவர் வினா. எவ்வழி நடப்பது என்பதன்று. மேலும், அவர் கணக்கு நேர்க்கோட்டு நடையைக் கொண்டது.

கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் செல்லும் தருமபுரி மாவட்டத்து வத்தல்மலைக்கு அது பொருந்தாது. அங்கு ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் வேறு. அடிவாரத்தில் புறப்படும் கணக்கெடுப்பாளர் எட்டுச் சிற்றூர்களைக் கண்டு திரும்புவதாகக் கொண்டால், வரிசைகள் 40,320. ஒரு வரிசையையும் அதன் தலைகீழையும் ஒன்றெனக் கொண்டு பாதியாக்கவும் இயலாது.

1962இல் ரிச்சர்ட் பெல்மனும், தனியே ஹெல்டு, கார்ப் இருவரும் வெளியிட்ட தற்சுழற்சி முறை இச்சமனின்மையையும் ஏற்கும். ‘இன்ன ஊர்களைக் கண்டு, இறுதியாக இவ்வூரில் நிற்பதற்கான குறைந்த செலவு யாது?’ என்பதே அதன் வினா. இறுதி ஊரை நீக்கி, எஞ்சியவற்றுள் ஒவ்வொன்றையும் இறுதியாக வைத்து அதே வினாவை எழுப்ப வேண்டும். ஒவ்வொரு விடையுடனும் கடைசி நடையின் செலவைக் கூட்டி, மிகச் சிறியதைக் கொள்ள வேண்டும். ஓர் ஊரே எஞ்சினால், அடிவாரத்திலிருந்து அங்குச் செல்லும் செலவே விடை. எல்லா ஊர்களுக்குமான விடைகளுடன் அடிவாரம் மீளும் செலவைச் சேர்த்தால் முழுப் பயணம் கிடைக்கும்.

இதனைச் சில வரிகளில் நிரலாக்கலாம். ஆயினும் கண்ட விடைகளைச் சேமிக்காத நிரல், அதே வினாவை மீண்டும் மீண்டும் எழுப்பிப் பழைய பெருக்கத்திலேயே வீழும். தற்சுழற்சியின் புகழில் பெரும்பங்கு இச்சேமிப்பிற்கே உரியது. சேமித்தால் எட்டு ஊர்களுக்கு 1,024 வினாக்களே. இருபது ஊர்களுக்கு 1,04,85,760. ஆனால் இருபது ஊர்களின் வரிசைகளோ 19 இலக்க எண்.

இம்முறை தொடங்குமுன் செலவு அட்டவணை வேண்டும். அடிவாரம் உட்பட ஒன்பது இடங்களுக்கு, திசைக்கொன்றாக 72 நேரங்கள். அவற்றை நேர்க்கோட்டுத் தொலைவு தராது. மலையில் நாள்தோறும் நடப்பவரிடமே கேட்டறிய வேண்டும்.